மே மாதத்துக்கும் தாங்க வேண்டும்: அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் தண்ணீர்த் திட்டம் போடுவது எப்படி

புதிதாக அடுக்குமாடி கட்டுகிறவர்களும் சரி, கட்டி முடித்ததைக் கையில் வாங்கி நடத்துகிற சங்கத்தினரும் சரி, தண்ணீர் என்றதும் முதலில் கேட்பது எங்கிருந்து வரும் என்பதைத்தான். போர் (ஆழ்துளைக் கிணறு) எத்தனை அடி போட்டார்கள், மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் இணைப்பு எப்போது கிடைக்கும், லாரித் தண்ணீர் என்ன விலை. எவ்வளவு தேவை என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது, பல இடங்களில் வருவதே இல்லை. இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் தேவையை அளக்க வேண்டும், அப்புறம் அதைக் குறைக்க வேண்டும், மிச்சத்துக்கு மட்டும் தண்ணீர் தேட வேண்டும். அதுவும் வருஷ சராசரியை வைத்து இல்லை, மே மாத நடுவில் ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அந்த நாள் ஓடுமா என்று பார்க்க வேண்டும்.

சென்னையை வைத்தே சொல்கிறேன், குறிப்பாக ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்தை. குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்பே கட்டடங்கள் எழும்பிய பகுதி அது, லாரியை நம்பியே பல குடியிருப்புகள் வருஷக்கணக்கில் ஓடின. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று ஊருக்குக் குடிநீர் தருகிற நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். முதல் ரயிலில் வந்தது 25 லட்சம் லிட்டர். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் 520 பேர் வசிக்கிற ஒரே ஒரு குடியிருப்பு, ஆளுக்கு 135 லிட்டர் வீதம் செலவழித்தால் அது 35 நாளில் தீர்ந்துவிடும். அதே ஊரில்தான் அதற்கு நான்கு வருஷம் முன்பு, 2015 டிசம்பரில், சம்ப்புக்குள் (தரைக்கு அடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி) வெள்ளமும் சாக்கடையும் சேர்ந்து இறங்கின. இரண்டையும் தாங்குகிற மாதிரி யோசிப்பதுதான் திட்டம்.

தேவைக் கணக்கு

135 லிட்டர் என்பது நான் சொல்கிற எண் இல்லை. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அவ்வளவு என்று மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேட்டில் இருக்கிறது, பெருநகரங்களுக்கு 150 என்றும் அதிலேயே இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கான 135-ல் 45 லிட்டர் கழிவறை ஃப்ளஷுக்கு, மிச்சம் 90 லிட்டர் குளிக்க, துவைக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, குடிக்க. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு முழுக்க இதில்தான் நிற்கிறது.

ஒரு மாதிரிக் குடியிருப்பு எடுத்துக்கொள்வோம். 120 வீடு. அதில் 80 வீடு இரண்டு படுக்கையறை, வீட்டுக்கு 4 பேர். 40 வீடு மூன்று படுக்கையறை, வீட்டுக்கு 5 பேர். மொத்தம் 520 பேர், 135 லிட்டர் வீதம் 70,200 லிட்டர். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், காவலர்கள், தோட்டக்காரர் என்று 20 பேருக்கு 45 லிட்டர் வீதம் 900. வந்துபோகிறவர்கள் 50 பேருக்கு 15 வீதம் 750. புல்தரையும் செடிகளுமாக 600 சதுர மீட்டர் தோட்டம், வெயில் காலத்தில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், அது 3,000. நீச்சல் குளத்தில் ஆவியாகப் போவது ஒரு 500. கார் கழுவ, பொது இடம் கழுவ 1,500. கூட்டினால் 76,850, நாளொன்றுக்கு 77,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 12,000 லிட்டர் லாரியில் கணக்குப் போட்டால் தினமும் ஆறரை லாரி.

இங்கே பில்டர்கள் தருகிற கணக்கில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுமானப் பரப்பு இருந்தால் 2006-ம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும், அதற்கான விண்ணப்பத்தில் தண்ணீர் வரவு செலவுக் கணக்கு இருக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தோட்டம், நீச்சல் குளம், கிளப் ஹவுஸ் எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறதா, வீட்டுக்கு எத்தனை பேர் என்று எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டாவது, எந்த மூலத்திலிருந்து எவ்வளவு என்று எழுதியிருப்பார்கள். அதில் நகராட்சி அல்லது வாரியத் தண்ணீர் என்று போட்டிருந்தால், அந்தக் குழாய் உங்கள் தெருவில் இன்றைக்கு இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். வரப்போகிற குழாயை நம்பி சமையல் செய்ய முடியாது.

ஏற்கெனவே குடியேறிவிட்டவர்களுக்கு அளப்பது எப்படி

ஓடிக்கொண்டிருக்கிற குடியிருப்பு என்றால் புத்தகக் கணக்கு போதாது, உண்மைக் கணக்கு வேண்டும். போரில் ஒரு மீட்டர், லாரி இறக்குகிற இடத்தில் ஒரு மீட்டர், சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்குப் போகிற குழாயில் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு மீட்டர். இவற்றுக்கு ஆகிற செலவு மற்ற எதையும் விடக் குறைவு, பலன் எல்லாவற்றையும் விட அதிகம். காவலரோ சூப்பர்வைசரோ தினமும் காலை ஒரே நேரத்தில் எண்ணைக் குறிக்கட்டும், ஒரு மாதத்தில் உங்கள் குடியிருப்பின் நடத்தை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மீட்டர் வருகிற வரை சம்ப்பே அளவுகோல். சம்ப்பின் உள்நீளம் 6 மீட்டர், அகலம் 5 மீட்டர் என்றால் பரப்பு 30 சதுர மீட்டர், தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஏறினால் 3,000 லிட்டர். உள்சுவரில் பெயின்ட்டால் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். 12,000 லிட்டர் லாரி இறக்கும்போது மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார்த்தால் சரியாக நான்கு கோடு ஏற வேண்டும். மூன்றரைக் கோடுதான் ஏறுகிறது என்றால் அங்கேயே நின்று பேசிவிடலாம். கோடு இருப்பது தெரிந்தாலே இறக்குகிறவரும் கவனமாக இருப்பார். லாரித் தண்ணீருக்கு டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கிற உப்புகளின் அளவைக் காட்டுகிற பேனா மீட்டர் வைத்து ஒவ்வொரு நடைக்கும் எண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. வழக்கமாக 600 காட்டுகிற லாரி ஒரு நாள் 1,400 காட்டினால் அவர்கள் எடுக்கிற இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். டி.டி.எஸ். குறைவாக இருப்பதால் கிருமி இல்லை என்று ஆகிவிடாது, அதற்குக் குளோரின் சோதனை தனியே செய்ய வேண்டும், சம்ப்பில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்க ராத்திரிதான் நல்ல நேரம். ராத்திரி ஒரு மணி தாண்டியதும் மொட்டை மாடித் தொட்டியைத் திறந்து, மோட்டார் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். நான்கு மணிக்குத் திரும்பப் பாருங்கள். தொட்டி 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 60 லிட்டர். முப்பது வீட்டு பிளாக்கில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கினால் யாரோ எழுந்து கழிவறை போயிருப்பார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 600 லிட்டர் யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது, அதுவும் மூன்றே மணி நேரத்தில். பெரும்பாலும் ஆள் இல்லாத வீட்டின் ஃப்ளஷ் தொட்டிதான் காரணமாக இருக்கும். சத்தமே இல்லாமல் பீங்கான் சுவரை ஒட்டி வழிந்துகொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஃப்ளஷ் தொட்டிக்குள் சொட்டு நீலம் நாலு துளி விட்டு, கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருந்து பாருங்கள். கோப்பைக்குள் நீல நிறம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கிற ரப்பர் வாஷரை மாற்ற வேண்டிய நேரம். வீடு வீடாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைச் செய்து முடித்துவிடலாம், பிளம்பரை உடனே கூட்டிப் போய்விடுங்கள், இல்லாவிட்டால் கண்டுபிடித்ததோடு நின்றுபோகும்.

குறைப்பது எங்கே எளிது

முதலில் அழுத்தம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். மேல் தொட்டியிலிருந்து கீழே இறங்குகிற ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடும். பதினான்கு மாடிக் கட்டடத்தில் கீழ்த்தளத்துக் குழாயில் நான்கு கிலோ அளவுக்கு அழுத்தம் இருக்கும், மேல்மாடிக்காரருக்கு ஒரு கிலோகூட இருக்காது. அழுத்தம் நான்கு மடங்கானால் அதே குழாயில் அதே நேரத்தில் வருகிற தண்ணீர் இரண்டு மடங்காகும். ஆக, கீழ்மாடிக்காரர் எவ்வளவு சிக்கனமானவராக இருந்தாலும், கை கழுவத் திறந்தாலே அதிகம் போகும். ஐந்தாறு மாடிக்கு ஒரு அழுத்தக் குறைப்பு வால்வு போட்டு இரண்டு கிலோவுக்குள் வைத்துவிட்டால், யாருடைய பழக்கத்தையும் மாற்றச் சொல்லாமலே தண்ணீர் குறைகிறது. குழாய் இணைப்புகளும் அதிக நாள் உழைக்கும்.

அடுத்தது குழாய் முனையில் போடுகிற ஏரேட்டர், தண்ணீரோடு காற்றைக் கலந்து விடுகிற சின்னச் சல்லடை. சாதாரணக் குழாயில் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வருகிறது, ஏரேட்டர் போட்டால் 3 அல்லது 4. சமையலறை சிங்க்கிலும் வாஷ் பேசினிலும் போடுங்கள். வாளி பிடிக்கிற குழாயில் போடாதீர்கள், அங்கே வாளி நிறைய நேரம்தான் கூடும், தண்ணீர் மிச்சமாகாது, வீட்டில் இருப்பவர்கள் கோபப்பட்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். ஓ.எம்.ஆர். பக்கத்து உப்புத் தண்ணீரில் ஏரேட்டர் சல்லடை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், மாதம் ஒரு முறை கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேய்த்துப் போட வேண்டும். ஷவர் நிமிடத்துக்கு 8 லிட்டருக்கு மேல் போகாத வகையைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்கு மூன்று லிட்டர் வரை வெளியே தள்ளும். அந்தக் குழாயை நேராக சிங்க்கில் விடாமல் ஒரு வாளியில் பிடித்தால் தரை துடைக்க, கழிவறை கழுவ ஆகும். டி.டி.எஸ். அதிகம் என்பதால் செடிக்கு அடிக்கடி ஊற்ற வேண்டாம். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கிற பொதுவான மென்னீராக்கி இருந்தால் அதைக் கழுவுகிற உப்புத் தண்ணீரை எந்தக் காரணத்துக்காகவும் தோட்டத்துக்கோ கிணற்றுக்கோ விடாதீர்கள். புல்தரையை ஒரு கால்பங்காவது குறைத்து நம் வெயிலுக்குப் பழகிய மரம் செடிகளை வைத்தால் நல்லது.

ஃப்ளஷ் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இரட்டைப் பொத்தான் ஃப்ளஷ், ஒரு முறைக்கு 6 லிட்டர், 3 லிட்டர், மிக நல்லது. பழைய தொட்டி 10 லிட்டர் எடுக்கும். ஆனால் உங்கள் குடியிருப்பில் கழிவுநீரைச் சுத்திகரித்த தண்ணீர்தான் ஃப்ளஷுக்குப் போகிறது என்றால், அதைக் குறைப்பதால் நல்ல தண்ணீர்ச் செலவு குறையாது. அந்தப் பணத்தை முதலில் குழாய்க்கும் ஷவருக்கும் போடுங்கள். ஃப்ளஷுக்கும் நல்ல தண்ணீரே போகிற பழைய கட்டடம் என்றால் முதல் வேலையே ஃப்ளஷ் தொட்டியை மாற்றுவதுதான்.

இவ்வளவும் செய்தால் 90 லிட்டரை 70 ஆக்குவது சாத்தியம். நம் 520 பேருக்கு அது நாளைக்கு 10,400 லிட்டர்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு

வீட்டுக்குள் போகிற தண்ணீரில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வரும். நம் கணக்கில் 57,000 லிட்டர். சுத்திகரித்தால் 51,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஃப்ளஷுக்கு 23,400, தோட்டத்துக்கு 3,000, கழுவ 1,500, ஆக 27,900 லிட்டருக்கு இது பதிலாகிவிடும். 77,000 லிட்டர் என்று இருந்த நல்ல தண்ணீர்த் தேவை 49,000 ஆகிறது. மேலே சொன்ன 10,400-ஐயும் கழித்தால் 38,500. ஒரு புதுப் போரும் போடாமல் தேவை பாதியாகியிருக்கிறது.

இது நடக்க, கட்டும்போதே ஃப்ளஷுக்குத் தனிக் குழாய், தனி மேல் தொட்டி இருக்க வேண்டும். பின்னால் உடைத்துப் போடுவது மிகவும் கஷ்டம். ஒப்படைப்புக்கு முன் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்: ஃப்ளஷ் மேல் தொட்டியில் நிறம் கலந்து விட்டு, ஒவ்வொரு வீட்டிலும் எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள். ஃப்ளஷ் தொட்டியில் மட்டும்தான் நிறம் வர வேண்டும். குறிப்பாக, கழிவறையில் கழுவுவதற்கு வைத்திருக்கிற ஹெல்த் ஃபாசெட்டைப் பாருங்கள். அது ஃப்ளஷ் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருப்பதால், பிளம்பர் ஒரே ஆங்கிள் காக்கிலிருந்து (சுவரில் இருக்கிற சிறு வால்வு) இரண்டுக்கும் இணைப்பு கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிற தவறு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இது எவ்வளவு ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை.

எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) நாற்றம் அடிக்கிறது, ஃப்ளஷ் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று புகார் வந்தால் பெரும்பாலான இடங்களில் காரணம் இரண்டுதான். ஒன்று, கரண்ட் பில்லைக் குறைக்க ராத்திரியில் காற்று ஊதும் புளோயரை நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே கழிவைத் தின்கிற நுண்ணுயிரிகளுக்குக் காற்று இல்லாவிட்டால் அவை செத்துப்போகும், மறுநாள் ஓட்டினால் உடனே பிழைத்து வராது. இரண்டாவது, குடியேற்றம். 120 வீட்டுக்கான எஸ்.டி.பி.யில் முதல் வருஷம் 35 வீட்டுக் கழிவுதான் வருகிறது என்றால் அது சரியாக வேலை செய்யாது. திட்டம் போடும்போதே இரண்டு பாதியாகக் கட்டி, முதலில் ஒன்றை மட்டும் ஓட்டுகிற மாதிரி கேளுங்கள்.

பயன்படுத்தியது போக நம் முதல் கணக்கில் 23,000 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் மிஞ்சுகிறது. பாதாளச் சாக்கடை இருந்தால் அதில் விடலாம். இல்லாத இடங்களில் இதையும் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டிவரும், கொண்டுவரவும் காசு, கொண்டுபோகவும் காசு. பக்கத்தில் கட்டடம் கட்டுகிறவர்கள், சாலையோர மரங்களைப் பராமரிப்பவர்கள் யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். மழைநீர் வடிகாலில் திறந்துவிடாதீர்கள். மழைநீர்க் கிணற்றிலும் விடாதீர்கள்.

மழை

தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல இடங்களில் ஜல்லி நிரப்பிய ஒரு குழி மட்டும் இருக்கும், அதன் மேல் மோட்டார் சைக்கிள் நிற்கும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். மொட்டை மாடி மொத்தம் 2,000 சதுர மீட்டர் என்று வைத்து, 80 சதவீதம் பிடிக்க முடியும் என்றால் 22,40,000 லிட்டர். நாளைக்கு 38,500 லிட்டர் தேவை என்றால் 58 நாள் தண்ணீர். ஆனால் இந்த மழையில் 60 சதவீதம் போல அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் பெய்துவிடும், ஜனவரியிலிருந்து மே வரை பெய்வது மிகக் குறைவு. அதனால்தான் வருஷ சராசரியை நம்பக் கூடாது என்கிறேன்.

மொட்டை மாடித் தண்ணீரை முதலில் சம்ப்புக்குக் கொண்டுபோங்கள், வடிகட்டி வைத்து, முதல் மழையின் அழுக்கை வெளியே தள்ளிவிட்டு. ஒரு நாள் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 80,000 லிட்டர், நமக்கு இரண்டு நாள் செலவு. அதற்கு சம்ப்பில் இடம் வேண்டும். நவம்பரில் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு, மழை வருகிறது என்றால் முதல் நாளே லாரியை நிறுத்தி சம்ப்பைப் பாதியாக்கி வைக்கச் சொல்லுங்கள். சம்ப் தளும்பத் தளும்ப நிறைத்து வைத்துவிட்டு, வானத்திலிருந்து இலவசமாக வருகிற நல்ல தண்ணீரை ரோட்டுக்கு விடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சம்ப் நிரம்பி வழிவதும் தரையில் விழுவதும் நிலத்துக்குள் போகட்டும். அதற்கு உங்கள் மண் என்ன என்று தெரிய வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடற்கரை மணல் என்றால் சாதாரண உறைகிணறே போதும், ஊற்ற ஊற்றக் குடிக்கும். கொளத்தூர், விருகம்பாக்கம் மாதிரி களிமண் என்றால் குழிக்கு அடியில் களிமண்ணைத் தாண்டி மணல் வரை துளை போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அப்படியே நிற்கும். வேளச்சேரி, ஆதம்பாக்கம் மாதிரி பாறை என்றால் பாறைக்கு மேல் இருக்கிற சிதைந்த மண் அடுக்கு வரைதான் போக முடியும், அகலமான, ஆழம் குறைந்த கிணறுகள் நிறைய வேண்டும். கார் நிறுத்துகிற இடத்துத் தண்ணீரை நேராகப் போருக்குள் விடாதீர்கள், எண்ணெயும் மண்ணும் சேர்ந்து போரையே கெடுத்துவிடும். மண் தங்குகிற ஒரு தொட்டி கட்டி, அதிலிருந்து உறைகிணற்றுக்கு விடுங்கள். கடலை ஒட்டிய இடங்களில் அளவுக்கு மேல் போரை இறைத்தால் உப்பு உள்ளே வந்துவிடும், ஒரு முறை வந்தால் திரும்பப் போவது கஷ்டம். அங்கே மழைக் கிணறு உங்கள் போரின் உயிரைக் காக்கிற வேலையையும் செய்கிறது.

சம்ப் எவ்வளவு பெரியது

லாரியை நம்புகிற இடம் என்றால் குறைந்தது இரண்டு நாள் இருப்பு வேண்டும், லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தால் மூன்றாம் நாளே குடியிருப்பு தடுமாறும். நம் கணக்குக்கு ஒரு லட்சம் லிட்டர் சம்ப் சரியாக இருக்கும், மழைக்கும் இடம் கிடைக்கும். தீயணைப்புக்கான இருப்பு தனி, அதில் கை வைக்கவே கூடாது. சம்ப் மூடியின் வாய் தரையோடு தரையாக இல்லாமல், 2015-ல் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து அதற்கு மேல் இருக்கட்டும். மோட்டார் அறையும் கரண்ட் பலகையும் பேஸ்மென்ட்டில் வேண்டாம்.

மே மாதக் கணக்கு

இப்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்துப் பாருங்கள். போரை மே மாதத்தில் சோதிக்க வேண்டும், டிசம்பரில் சோதித்தால் எல்லாப் போரும் நன்றாகத்தான் இருக்கும். 200 லிட்டர் டிரம்மை நிரப்ப எத்தனை நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். தொடர்ந்து சில மணி நேரம் ஓட்டி, வேகம் எங்கே குறைகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்ப ஊறுகிறது என்று எழுதுங்கள். அப்படிச் சோதித்ததில் நாளைக்கு 15,000 லிட்டர் நிச்சயம் என்று தெரிந்தால், 38,500-ல் மிச்சம் 23,500, அதாவது இரண்டு லாரி. எந்தத் திட்டமும் இல்லாமல் 77,000 லிட்டரே தேவை என்றால் அதே மே மாதத்தில் ஐந்து லாரிக்கும் மேல். மாதத்துக்கு 62 லாரி எங்கே, 160 லாரி எங்கே. உங்கள் பகுதி லாரி விலையால் வித்தியாசத்தைப் பெருக்கிப் பொதுக்குழுவில் வையுங்கள், வேறு எந்தப் பேச்சும் தேவைப்படாது.

யார் எவ்வளவு கொடுப்பது

தண்ணீர்ச் செலவைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பிரிப்பது அநியாயம். மூன்று படுக்கையறை வீட்டில் தனியாக இருக்கிற வயதான தம்பதி, இரண்டு படுக்கையறை வீட்டில் ஆறு பேர் இருக்கிற குடும்பத்தை விட அதிகம் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தால்தான் இது தீரும், வைத்த மாதமே செலவு இறங்குவதையும் பார்க்கலாம்.

தடங்கல் எங்கே என்றால், நம் கட்டடங்களில் ஒவ்வொரு கழிவறைக்கும் சமையலறைக்கும் மொட்டை மாடியிலிருந்து தனித்தனிக் குழாய் இறங்கும். மூன்று கழிவறை, சமையலறை, துணி துவைக்கிற இடம் என்றால் ஒரே வீட்டுக்கு ஐந்து நுழைவு, ஐந்து மீட்டர். புதுக் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் ஒரு பொதுக் குழாயை ஓட்டி, வீட்டுக்கு நல்ல தண்ணீர் ஒரு நுழைவு, ஃப்ளஷ் ஒரு நுழைவு என்று வரைபடத்திலேயே கேட்டு வாங்குங்கள். பழைய கட்டடத்தில் முடிந்தவரை எல்லா நுழைவுக்கும் மீட்டர் போட வேண்டும், சமையலறைக்கு மட்டும் போட்டால் குளியல் கணக்கில் வராது.

கட்டண முறையில், ஆளுக்கு நாளைக்கு 90 லிட்டர் வரை அடக்க விலை, அதற்கு மேல் லாரித் தண்ணீரின் முழு விலை, அதற்கும் மேல் கொஞ்சம் கூடுதல் என்று வைத்தால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். யார் எவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள், சண்டைதான் வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் அளவையும் குடியிருப்பின் நடுத்தர அளவையும் சேர்த்து அனுப்பினால் போதும். திடீரென்று ஒரு வீட்டின் அளவு ஏறினால் முதலில் ஃப்ளஷைப் பார்க்கச் சொல்லிப் போன் செய்யுங்கள், பில் அப்புறம்.

வருஷம் முழுக்க என்ன செய்வது

ஆகஸ்டில் மொட்டை மாடியைக் கூட்டி, வடிகட்டியைக் கழுவி, உறைகிணற்று அடி மண்ணை அள்ளுங்கள், செப்டம்பரில் செய்யலாம் என்று தள்ளினால் மழை முந்திக்கொள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சம்ப் மட்டத்தை வானிலையோடு சேர்த்துப் பார்க்க ஒருவருக்குப் பொறுப்பு கொடுங்கள். ஜனவரியில் கிணற்று நீர்மட்டத்தை நாடா விட்டு அளந்து எழுதுங்கள், அப்புறம் மாதம் ஒரு முறை. பிப்ரவரியில் ராத்திரிக் கசிவுச் சோதனையும் சொட்டு நீலமும். மார்ச்சில், தட்டுப்பாடு தொடங்குவதற்கு முன், லாரிக்கு இரண்டு இடத்தில் விலை பேசி எழுத்தில் வாங்கி வையுங்கள். மே மாதம் போர் சோதனை.

பில்டரிடமிருந்து பொறுப்பை வாங்கும் சங்கம், சாவியோடு சேர்த்துச் சில தாள்களையும் வாங்க வேண்டும்: நிலத்தடிக் குழாய்கள் உண்மையில் எங்கே ஓடுகின்றன என்ற வரைபடம், ஒவ்வொரு போரின் ஆழமும் மோட்டார் எத்தனை அடியில் இறக்கியிருக்கிறது என்பதும், எஸ்.டி.பி. கொள்ளளவும் கடைசி மூன்று மாதச் சோதனை முடிவுகளும், மழைநீர்க் குழிகள் இருக்கிற இடங்கள், மீட்டர்களின் தொடக்க எண். பேஸ்மென்ட் டைல்ஸுக்கு அடியில் மறைந்துபோன குழியையும் வால்வையும் தேடி எடுக்க அந்த வரைபடம் ஒன்றுதான் வழி, அதனால் அது கைக்கு வராமல் ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.